மூன்றாம் வளைவு

கோர்ன்வாலில் வியாழன் இரவு.
கராஜ் ஹீட்டர் இருமுகிறது.

அரை அங்குல அலுமினியக் குழாய்.
இரு நுனியையும் வைஸில் நசுக்கி
துளையிட்டுப் பிசிறு தேய்க்கிறேன்.
ஒரு நுனி சட்டகத்துக்கு,
மறுநுனி தகரத்துக்கு.

"இரும்பிலை போடுங்கோவன்"
என்கிறாள் சுகிர்தா, ஓட்டப்போகிறவள்.
இரும்பு வளையாது, பிள்ளை.
இடிபட்டால் சட்டகத்தையும் இழுத்துக்கொண்டு போகும்.

பதினோராவது தாங்கி
கால் அங்குலம் கட்டை.
அளந்தவன் நான்தான், யாரைத் திட்ட?
மூன்று வாஷர் அடுக்கிப் பூட்டினேன்.

ஞாயிறு. மூன்றாம் வளைவில்
எவனோ வலப்பக்கம் உரச,
கதவுத் தகரம் நாக்காய்த் தொங்கத் தொங்க
ஒன்பதாவதாய் வந்து சேர்ந்தாள்.

சேற்றோடு கழற்றி எண்ணினேன்.
ஏழு வளைந்திருந்தன,
நான் நசுக்கிய இடத்திலேயே.

அடிபட்ட பக்கத்தில்
அந்தக் கட்டைத் தாங்கி மட்டும்
நேராக நின்றது,
மூன்று வாஷரோடு.