சத்தமில்லாத எழுத்து

நீதிமன்றத்துக்கு எதிரே, போட்டோக்கொப்பிக் கடைக்கு மேல் மாடியில்
எனக்கொரு மேசை, ஒரு முத்திரை,
சோளகம் அடித்தால் தானாய்த் திறக்கும் யன்னல்.
பிறப்பு, இறப்பு, விவாகம், காணி உறுதி:
தாளுக்கு இவ்வளவு என்று
தமிழை ஆங்கிலமாக்கிக் கொடுக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை அருந்தவமலர் வந்தா.
முழுவியளம் நல்லதெண்டு சொல்லிக்கொண்டே ஏறினா.
படியில் எதிர்ப்பட்டது நிறைகுடமில்லை,
தண்ணீர்ப் போத்தல் தூக்கிவந்த பெடியன்.

சீலைக்கடைப் பைக்குள்ளிருந்து உறுதி.
மயிலிட்டிக் காணி. நாலு பரப்பு ஏழு குழி.
கிழக்கில் ஒழுங்கை, மற்ற மூன்று பக்கமும்
இப்போது யாரும் உச்சரிக்காத பெயர்கள்.
வீடு, கிணறு, வான்பயிர், செய்பயிர்,
"இவை முழுவதும்."
ஒஸ்லோவில் இருக்கும் தம்பிக்கு ஆங்கிலத்தில் வேணுமாம்.

டிலக்சன் தட்டெழுதினான்.
இயந்திரத்துக்கு மூச்சு வாங்கும், அவனுக்கு வாங்காது.
தாளை வாசித்தேன். வீட்டினதும் கிணற்றினதும் பனைகளினதும்
ஹோல்.
காதுக்குச் சரி. கண்ணுக்குப் பிழை.
"டபிள்யூ எங்கை?"
"அது சத்தம் போடாதுதானே, மிஸ்."

போடாதுதான்.
நின்றால் முழுவதும்,
இல்லாவிட்டால் ஓட்டை, பொந்து, குழி.
தமிழில் எழுதிக் காட்டவும் வழியில்லை,
இரண்டுக்கும் ஒரே ஹோல்தான் வருகிறது.

இதே சொல்லை எத்தனை இடத்தில் கண்டிருக்கிறேன்.
பால்மாப் பைக்கற்றில், கொழுப்பு எடுக்காதது என்று.
இரத்த வங்கியின் உறையில்.
சாட்சிக்கூண்டில் "முழு உண்மை" என்று நான் பெயர்த்துச் சொல்ல
எச்சில் விழுங்கிய ஒரு லொறிச் சாரதியின் தொண்டையில்.
"மொத்தத்தில் சுகமாயிருக்கிறம்" என்று
வெளிநாட்டுக்கு எழுதச் சொல்லும் சனத்துக்கும்
அந்த மொத்தத்தை இதே சொல்லால்தான் கட்டிக் கொடுக்கிறேன்.
அகராதியில் இன்னும் கீழே போனால்
பழைய பொருள் ஒன்று: காயப்படாதது.
காயம் ஆறினது என்றும் போட்டிருக்கிறது.
இரண்டும் எப்படி ஒன்றாகும் என்று போடவில்லை.

பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.
அருந்தவமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"குழி எண்டாலும் பிழையோ, பிள்ளை?
ஏழு குழி கிடக்குதுதானே."

பிறகு சிரிக்காமல் சொன்னா.
விட்டது ரெண்டு பரப்பு. அதுவும் போன மாசம்.
முள்ளுக்கம்பி குசினிக்குள்ளாலை போகுது.
அடுப்படி இங்காலை, அம்மி அங்காலை.
கிணறும் அங்காலைதான்,
துலாக்கால் மட்டும் எங்கடை பக்கம் நிக்குது.
"அந்தக் கிணத்திலை முழுகி முப்பத்திமூண்டு வருசம்."

எனக்குத் தொழில் வியாதி:
அவ வருசத்தைச் சொல்ல, நான்
முழுகுவதற்குள் இருக்கிற முழுவைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.
வெட்கமாயிருந்தது.

"அப்ப முழுவதும் எண்டு போடலாமோ, தங்கச்சி?"

போடலாம். போடத்தான் வேண்டும்.
உறுதியில் என்ன இருக்கிறதோ அதுதான் எனக்குக் காணி.
கம்பியை மொழிபெயர்க்க எனக்கு அனுமதியில்லை.

டிலக்சன் இரண்டாம் தாளை எடுத்தான்.
இந்தமுறை அந்த எழுத்தை ஒற்றை விரலால்,
மெதுவாய், ஆணி அடிக்கிற மாதிரி.
கையெழுத்து வைத்தேன். முத்திரை குத்தினேன்.
மை காய ஊதினேன்.

எழும்பும்போது கேட்டா,
"அந்தப் பிழையான தாள்?"
கிழித்துப் போடுவம் என்றேன்.
"வேண்டாம், தாங்கோ."
எட்டாய் மடித்து உறுதியின் நடுவில் வைத்தா.
இதுக்கும் ஒரு முத்திரை குத்தலாமோ என்று கேட்டா.

சட்டத்தில் இடமில்லை என்று சொல்லி
மிச்சக்காசு நூற்றைம்பது ரூபாயைக் கொடுத்தேன்.
எண்ணாமல் வாங்கிக்கொண்டு படியிறங்கினா.
யன்னல் திறந்துகொண்டது.
முத்திரை என் கையில் இருந்தது, இன்னும் ஈரமாய்.