நான்காவது கால்

மகள் ஓர்ஹூஸிலிருந்து போனில் சொன்னாள்:
"கூடப் படிக்கிறவன், ஆஸ்கெர்.
உங்கள் ஊர்ப் பாறைகளைப் பார்க்க வருகிறான். நாலு ராத்திரி.
மீன் என்றால் மட்டும் சற்று முழிப்பான்.
விண்வெளிக் கதை என்றால் உயிர்."

டோர்ஷவ்னில் மீனில்லாமல் நாலு நாள் எப்படிச் சமைப்பது
என்று யோசித்திருக்க வேண்டும்.
நான் புத்தகத்தை யோசித்தேன்.

விருந்தாளி அறையில் ஜன்னலோரம் ஒரு பலகை.
எட்டாவது புத்தகம் வைத்தால் ஜன்னல் திறக்காது.
ஆகவே ஏழு.

வீட்டிலுள்ள ராக்கெட்டெல்லாம் டிட்லெவ் விட்டுப்போனவை.
அவன் இப்போது கிளாக்ஸ்விக்கில்
இன்னொருத்தியின் அலமாரியை நிரப்பிக்கொண்டிருக்கிறான்.
நானும் படிப்பவள்தான்; பூமியை விட்டுப் போனதில்லை.
ஒரு விவாகரத்து, ஒரு சொத்துத் தகராறு,
பனியில் ஒரு பிணம்: அதோடு என் எல்லை முடிந்தது.

சனியின் வளையத்தில் தபால் கொடுக்கிறவள் கதை: வேண்டாம்,
முதல் அத்தியாயத்திலேயே தாய் சாகிறாள்,
அவன் அம்மா எப்படியிருக்கிறாளோ.
மனிதர் தீர்ந்தபின் லிஃப்டுகள் தமக்குள் பேசிக்கொள்வது: இருக்கட்டும்.
அறுநூறு பக்கத்துக்கு எரிபொருள் கணக்கு: கல் படிக்கிறவன், பிடிக்கலாம்.

பத்தொன்பது வயதுக்கு எது பழசு, எது மானக்கேடு?
வெள்ளி உடுப்பில் இடுப்பு தெரிய ஒருத்தி நிற்கும் அட்டைக்கு
காகித உறை போட்டேன்.
உறை போட்டதும் இன்னும் சந்தேகமாய்த் தெரிந்தது.
கழற்றினேன்.
புத்தகத்தையே கழற்றிவிட்டேன்.

ஏழாவது, நடுவில், முகம் தெரிய:
நான் கடையில் காசு கொடுத்து வாங்கியது.
"இந்த வயசுப் பிள்ளைகள் கீழே வைக்க மாட்டார்கள்" என்றாள்
கடைக்காரி பெயின்டா.
இருநூற்று நாற்பத்தொன்பது குரோனர்.

வந்தான். கொடிமரம்போல் உயரம்.
மீனைத் தின்றான், மறுபடியும் கேட்டான்.
பலகையைப் பார்த்து "ஓ, நன்றி" என்றான்.
துறைமுகத்தில் மீன் எடைபோடுவது என் தொழில்.
அந்த "ஓ"வை விடியும்வரை தராசில் வைத்துப் பார்த்தேன்,
முள் நிற்கவில்லை.

பிறகு மூடுபனி. விமானம் இல்லை.
நாலு ராத்திரி ஆறானது.
காலையில் அவன் பாறைக்குப் போனதும் எட்டிப் பார்ப்பேன்.
ஏழும் வைத்த இடத்தில்,
தூசிகூட ஒத்துழைத்தது.
அவன் கழுத்து மட்டும் நாளுக்கு நாள்
இடப்பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது.
"கட்டில் சரியில்லையா?"
"ரொம்ப நன்றாக இருக்கிறது."

அவன் போன மறுநாள், விரிப்பை உருவும்போதுதான் பார்த்தேன்.

கட்டிலின் நான்காவது கால் முன்னமே உடைந்தது.
டிட்லெவ் ஒரு தடித்த புத்தகத்தை முட்டுக்கொடுத்திருந்தான்.
பதினொரு வருஷம் அது தாங்கியது,
அங்கே ஒரு புத்தகம் இருப்பதையே மறந்திருந்தேன்.
இப்போது தலையணைமேல் கிடக்கிறது,
அட்டையில் கால் பதிந்த வட்டக் குழியோடு.
கடைசிப் பக்கத்தில் மடித்த சாக்லெட் தாள்.

ஆறு இரவும் சரிவில் படுத்தே படித்திருக்கிறான்.
கிளம்பும்போதுதான் கட்டிலை நிமிர்த்தியிருக்கிறான்.
எதை வைத்து என்று குனிந்தேன்.

இருநூற்று நாற்பத்தொன்பது குரோனர்.
உட்கார்ந்து பார்த்தேன், குதித்தும் பார்த்தேன்.
கட்டில் ஆடவே இல்லை.

கோபம்தான் முதலில் வந்தது. பிறகு மடியில் பழைய புத்தகம்
தானாக ஒரு பக்கத்தில் திறந்தது.
ஓரத்தில் டிட்லெவின் பென்சில், தெரிந்த கோணல் எழுத்து:
"பொய்."
அதற்குக் கீழே நீல மையில், புதுசாய்:
"இல்லை. நடக்கக்கூடியதுதான்."

எது பொய், எது நடக்கும் என்று பார்க்க
அந்தப் பக்கத்தை மூன்று முறை படித்தேன்.
ஒரு விண்கலத்தின் கதவு மூடுகிறது, அவ்வளவே.
முதலிலிருந்து படித்தால்தான் தெரியும்போலிருக்கிறது.

இரவு மகளிடம் கேட்டேன், புத்தகம் பிடித்ததாமா என்று.
"புத்தகமா? வந்ததிலிருந்து உன் மீன் சூப்பைப் பற்றித்தான்
சொல்லிக்கொண்டிருக்கிறான்."