ஒன்றரை மீட்டர்

மயக்கம் தெளிந்ததும் கேட்டேன்:
எவ்வளவு எடுத்தீர்கள்?
ஒன்றரை மீட்டர், என்றாள் யாஸ்னா,
துணிக்கடையில் கிழித்துக் கொடுப்பவள்போல.

எங்கள் மொழியில் அதற்குத் தடித்த குடல் என்று பெயர்.
நீளத்தில் சிறுகுடலுக்குக் கால்வாசி,
பருமனில் மட்டும் மூத்தது.

மருந்துச் சீட்டின் பின்பக்கம் வரைந்து காட்டினாள்.
வலது இடுப்போரம் ஒரு முட்டுச்சந்து,
அதன் நுனியில் புழுவாகத் தொங்கும் குடல்வால்.
அங்கிருந்து செங்குத்தாக ஏறி
ஈரலின் அடியில் திரும்பி
வயிற்றுக்குக் குறுக்கே கொஞ்சம் தொய்ந்து
மண்ணீரலோரம் மறுபடி திரும்பி
இறங்கி, நெளிந்து,
கடைசிச் சாணில் நேராக, வாசலுக்கு.
கதவுச் சட்டம்போல் இருந்தது.
சட்டத்துக்குள் சுருண்டு கிடப்பதெல்லாம்
இன்னும் என்னிடம்தான்.

அதன் மேல் நீளவாட்டில் மூன்று நாடாக்கள் ஓடுமாம்,
குடலைவிடக் குட்டையானவை.
அதனால்தான் அது பை பையாக உப்பிக்கொள்ளும்.
நெல்டா இடுப்பில் நாடா இழுத்தால்
பாவாடை அப்படித்தான் கொசுவும்.

சரி, அது என்ன வேலை செய்தது?

கூழாக வருவதை வாங்கும், என்றாள்.
தண்ணீரை எடுத்துக்கொள்ளும், உப்பை எடுத்துக்கொள்ளும்.
ஒன்றரை லிட்டர் உள்ளே வந்தால்
ஒரு டம்ளர்கூட வெளியே விடாது.

சிரித்தேன். தையல் இழுத்தது.

சன்யரால் மேட்டில் பதினாறு வருடமாக
மூடுபனிக்கு வலை கட்டுகிறவன் நான்.
கடலிலிருந்து கமன்சாகா ஏறிவரும்.
பெய்யாது. யாரையும் கேட்காது. கடந்து போய்விடும்.
வலையிழையில் தட்டிய துளி மட்டும்
தகரத் தாழ்வாரம் வழியே தொட்டிக்கு வரும்.
போகிற தண்ணீரை வழிமறிப்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

உள்ளே ஒருத்தன் இதே வேலையைப்
பிறந்த நாள்முதல் செய்திருக்கிறான்.
கிழிசல் தைக்க ஆள் கேட்டதில்லை.
அவன் பெயரை நான் எடுத்ததெல்லாம்
திட்டுவதற்குத்தான்.

பிறகு புண். ஆறு வருடம்.
இரவில் பதினொரு முறை, ரத்தமும் சீழுமாக.
ஓட்டையான வலையை மேட்டில் நானே கழற்றியிருப்பேன்.
அதனால் வைத்தியர்மேல் குறையில்லை.

குடித்தனக்காரர்களை நினைத்தால்தான் சங்கடம்.
கோடானுகோடிப் பேர் அங்கே இருந்தார்களாம்.
எனக்குச் செரிக்காத நாரைத் தின்று
கொஞ்சம் வைட்டமினை வாடகையாகத் தந்தவர்கள்.
ஒரே பகலில் காலிசெய்யச் சொல்லியாயிற்று.

இப்போது தொப்புளுக்கு வலப்பக்கம் ஒரு சிவந்த வாய்,
அதன்மேல் ஒட்டிய பை.
தொட்டால் வலிப்பதில்லை.
வேளை தெரியாது அதற்கு.
திருப்பலி நடுவில் பாதிரியார் மௌனம் காக்கும்போது
அது மட்டும் பேசும்.
முன்வரிசைப் பாட்டுக்காரிகள் திரும்பிப் பார்ப்பார்கள்.
நெல்டா இருமுவாள்.

காப்பி உள்ளே போனதும்
ஒரே தள்ளாகத் தள்ளுமே, அந்தக் காலை அவசரம்,
ஒஸ்வால்டோவும் நானும்
ஒற்றைக் கழிப்பறைக்கு ஓட்டப்பந்தயம் வைத்தது,
அது இனி அவனுக்கு மட்டும்.
எதிராளி இல்லாமல் நடந்தே போகிறான்.

காத்திருக்கத் தெரிந்த உறுப்பு அது.
பேருந்தில், வங்கி வரிசையில், மாமனார் சாவில்
நான் மரியாதைக்காரன் என்று பெயரெடுத்ததில் பாதி
அதனுடையது.

ஏழாவது வாரம் மேட்டுக்குத் திரும்பினேன்.
விடியுமுன் வலை கனத்திருந்தது.
தொட்டியில் மொண்டு, உப்பும் சர்க்கரையும் போட்டு,
யாஸ்னா சொன்ன அளவில்
மடக்கு மடக்காகக் குடித்தேன்.
வெயில் ஏறுவதற்குள் பாதி பைக்கு வந்துவிட்டது.

குறிப்பேட்டில் எப்போதும் ஒரு பத்திதான்:
வலை பிடித்தது, இத்தனை லிட்டர்.
பக்கத்தில் கோடு போட்டு இன்னொன்று சேர்த்தேன்.

இது என்ன கணக்கு, என்றான் ஒஸ்வால்டோ.

பதில் சொல்லவில்லை.
நாற்பத்திரண்டு, என்று எழுதினேன்.
அடுத்த பத்தியில், மூன்று.