ஏழா எட்டா

பாலிக் பூலாவில், மேட்டுப் பக்கம், முக்கால் ஏக்கர்.
பதினோரு டுரியான் மரம், மூன்று ஜாதிக்காய்,
தகரக் கொட்டகை ஒன்று, கீல் கழன்ற கதவோடு.
குத்தகைக்கு எடுத்த முதல் வாரமே
காட்டுக்கோழி வந்து சுற்றிப் பார்த்தது,
எங்களை அது குத்தகைக்கு விட்டிருப்பது போல.

சேவல் இல்லை.
சேவல் தூரத்துப் புதரில் நின்று
பாதியில் அறுந்த கூவல் ஒன்றைப் போட்டுவிட்டு
வெள்ளைப் பின்புறம் காட்டி உள்ளே போய்விடும்.
இது பெட்டை.
காய்ந்த டுரியான் இலையின் நிறம்.
நின்றால் இலை.
நடந்தால்தான் கோழி.

பின்னால் குஞ்சுகள், முதுகில் அணில் கோடு.
ஒன்பது.

எண்ணுவது என் தொழில்.
பாயான் லெப்பாஸில் இருபத்திரண்டு வருஷம்
நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்து,
தட்டுக்கு இருநூறு சில்லு.
கால் வளைந்ததை இடுக்கியால் தூக்கு,
சிவப்புத் தட்டில் போடு.
கம்பெனி வியட்நாமுக்குப் போய்விட்டது.
கண் மட்டும் போகவில்லை.

காலை ஏழேகால், காப்பிக் குவளையோடு வாசலில்.
திங்கள் ஒன்பது.
செவ்வாய் ஒன்பது.
புதனும் வியாழனும் மழை.
வெள்ளி, எட்டு.
மறுபடி எண்ணினேன்,
இந்த முறை கடைசியிலிருந்து.
எட்டு.

அந்தக் கடைசி எப்போதும் கடைசிதான்.
இடது கால் வெளிப்பக்கம் வளைந்தது.
மற்றவை கிளறிவிட்டுப் போன இடத்தில்
மிச்சம் பொறுக்கும், பிறகு ஓடும்,
ஓட்டம் என்று அதைச் சொல்லலாம் என்றால்.
என் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்
தானாகக் குவிந்தன.
கையை மடியில் புதைத்துக்கொண்டேன்.

பட்டர்வொர்த்திலிருந்து கொழுந்தன் சந்தனசாமி வந்தான்.
"அண்ணி, கண்ணி வைக்கவா? குழம்புக்கு இதைப் போல வராது."
"அது நம்முடையது இல்லை" என்றேன்.
"அப்போ நல்லதாய்ப் போச்சு" என்றான்.
அவனுக்குக் கருவாடு வைத்து அனுப்பினேன்.

அன்றைக்குத்தான் நொய்யரிசி தூவ ஆரம்பித்தது.
ஜாதிக்காய் மரத்தடியில், ஒரு கைப்பிடி,
வளைகாலுக்கு எட்டுகிற மாதிரி கொஞ்சம் தள்ளி.
மூன்று நாள் வந்தன.
நான்காம் நாள் உடும்பும் வந்தது.
அதற்கும் ஏழேகால் தெரிந்துவிட்டது.

நாக்கை நீட்டி நீட்டி
அவசரமே இல்லாமல், வாடகை வாங்க வருகிறவன் போல.
பெட்டை இரண்டு மடங்காக ஊதி
அதன் முகத்தில் பாய்ந்தது. விழுந்தது. மறுபடி பாய்ந்தது.
குஞ்சுகள் இருந்த இடத்தில் வெறும் இலை.
நான் குவளையை எறிந்தேன், செருப்பை எறிந்தேன்,
என்ன கத்தினேன் என்று தெரியாது,
வடமலை மரத்தடி வலையை விட்டுவிட்டு ஓடி வந்தார்.

உடும்பு ஓடைக்குள் இறங்கியது.
வாயில் ஏதும் இருந்ததா
பார்த்தேனா, பார்க்கவில்லையா.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள்.
என் அரிசி மிதித்தால் என்ன ஆகும் என்று
யாரும் சொல்லி வைக்கவில்லை.

வெகுநேரம் கழித்து, தொண்டைக்குள்ளேயே
ஒரு 'குக்'.
இலைகளுக்குக் கால் முளைத்தது.
ஐந்து. ஆறு.
ஏழு.
பிறகு ஓர் இலை அசைந்தது, அல்லது காற்று.
பெட்டை காத்திருக்கவில்லை, நடந்துவிட்டது.
நான் துடைப்பம் எடுத்து வந்து
மிச்ச அரிசியை ஒவ்வொன்றாகக் கூட்டினேன்.

அப்புறம் பத்து நாள் காலையில் வாசலுக்கு வரவே இல்லை.

நேற்று அந்தியில் தற்செயலாகப் பார்த்தேன்.
ஜாதிக்காய் மரத்தின் தாழ்ந்த கிளைக்கு
ஒவ்வொன்றாக எகிறிக்கொண்டிருந்தன.
அதற்குள் இறக்கை வந்துவிட்டது!
பெட்டை இரண்டு பக்கமும் விரித்து உட்கார்ந்தது.
சிறகுக்கடியில் புடைப்புகள்,
ஒன்றோடொன்று ஒட்டி,
இருட்டிக்கொண்டு வருகிறது.
ஏழா. எட்டா.

டார்ச் என் கையில்தான் இருந்தது.

மேட்டில் தொம்மென்று ஒரு டுரியான் விழுந்தது.
"அந்த டார்ச்சைக் கொடு" என்றார் வடமலை.
கொடுத்துவிட்டேன்.