கேப்பர் மலை, இரண்டாம் கியர்

கடலூரில் ஏற்றம் என்று ஒன்று இருந்தால்
அது கேப்பர் மலைதான்.
முந்திரி மூட்டை கட்டிய சைக்கிள்காரர்
பாதி வரை மிதித்தே ஏறிவிடுவார்.
அந்தப் பாதியில்தான் நின்றது எங்கள் வண்டி.

தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து டாடா.
முதுநகரில் ஐஸ் ஏற்றி ஏற்றி
தரைத்தகடு உப்பில் பொரிந்தது.
பின்னால் அஞ்சலாட்சியின் வீடு:
நெல்லிக்குப்பம் ரோட்டில்
பஸ்ஸுக்கு பாடி கட்டுகிறவர்கள் கட்டியது.
இரண்டு சக்கரம், ஒரு கட்டில், ஓர் அடுப்பு,
கொசுவலை போட்ட மூன்று ஜன்னல்.
கேரவன் என்று அவள் சொல்வதில்லை.
பின்வீடு என்பாள்,
முன்வீடு என்று ஒன்றை
நாங்கள் வாங்கவே இல்லை என்றாலும்.

ஏற்காட்டுக்குப் புறப்பட்ட சோதனை ஓட்டம்.
முதல் கியரில் கரும்புகை,
கிளட்ச் தீய்ந்த நாற்றம்,
பிறகு ஒன்றுமில்லை.
அவள் இறங்கி சக்கரத்துக்குக் கல் வைத்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.

செம்மண்டலம் பெர்க்மான்ஸ்
வண்டியை விட்டுவிட்டுப் பின்வீட்டைச் சுற்றி வந்தார்.
முதல்ல எடை போட்டுட்டு வாங்க என்றார்.
கரும்பு லாரிகளுக்கு நடுவே நின்று
எடைமேடையில் வாங்கிய சீட்டு:
ஆயிரத்து நானூற்றுப் பத்து.

ஏர் ஃபில்டரைத் தட்டினார்,
அரைப்படி செம்மண் கொட்டியது.
இன்ஜெக்டர்கள் பம்ப் கடைக்குப் போயின.
கிளட்ச் தட்டு புதுசு.
பின்பட்டையில் ஓர் இலை கூட்டினார்.
இதெல்லாம் வண்டி பொறந்தப்ப இருந்த பலம்,
திருப்பிக் குடுக்கிறேன், அவ்வளவுதான்.
அதுக்கு மேல வேணும்னா
கிரவுன் பினியனை மாத்தணும்.
இல்லன்னா அந்தத் தண்ணித் தொட்டியைக்
காலி பண்ணணும்.
இருநூறு லிட்டர்ம்மா, இருநூறு கிலோ.
அதையும் வால்ல வச்சிருக்கீங்க.
மேல போய்ப் பிடிச்சுக்கக் கூடாதா?

முடியாது.

தானே புயல் அடித்த வருஷம்
கரண்ட் இல்லாமல், மோட்டார் ஓடாமல்
பதினோரு நாள் லாரித் தண்ணீருக்கு நின்றவள்.
நிறைந்த குடம் ஒன்று இடுப்பிலிருந்து நழுவியதற்கு
யாரோ நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதார்களாம்.
யார் என்று சொன்னதில்லை.
எனக்கு அவளைத் தெரிந்தது
அதற்கு ஆறு வருஷம் கழித்து.
எங்கள் வீட்டில்
காலி வாளி என்று ஒன்று கிடையாது.

பெர்க்மான்ஸ் மறுபடி கேட்கவில்லை.
தொட்டியைக் கழற்றி
அச்சுக்கு முன்னால் நகர்த்தினார்.
பழைய இரும்புக் கடையில்
பல் தேயாத பினியன் தேடிப் பிடித்தார்,
நாற்பத்தொன்றுக்கு எட்டு.
இனிமே பைபாஸ்ல பறக்காது,
அறுபதுக்கு மேல மிதிச்சா அலறும்.
இழுக்கும் ஆனா.
விலையைச் சொன்னபோது
நான் மோதிரத்தைத் திருகிக்கொண்டிருந்தேன்.
அது இப்போது மஞ்சக்குப்பத்தில்
ஒரு சேட்டுக் கடையில் இருக்கிறது.

ஞாயிறு காலை. இரண்டாம் கியர்.
பதினைந்து கிலோமீட்டர் வேகம்.
திருவந்திபுரம் முகூர்த்தத்துக்குப் போகிற வேன் ஒன்று
ஹாரனிலேயே எங்களைத் தள்ளிவிட்டுக் கடந்தது.
பின்கண்ணாடியில் பட்டுப்பாவாடைச் சிறுமிகள்
நாக்கை நீட்டினார்கள்.
அஞ்சலாட்சியும் நீட்டினாள்.
பின்னால் தொட்டிக்குள் தண்ணீர்
அந்தப் பக்கம் போய்
இந்தப் பக்கம் வந்து
கேக்குதா என்றாள்.
கேட்டது.
கல் வைத்த இடம் கடந்தது.
வெப்பமுள் பாதிக்கு மேல் எழவில்லை.
சிறைச்சாலை மதில் தெரிந்தது.

மேலே நிறுத்தி டீ குடித்தோம்.
அவள் பின்வீட்டுக் குழாயைத் திறந்து
ஒரே ஒரு கை தண்ணீரில் முகம் கழுவினாள்.
எனக்கும் ஒரு கை.

பிறகுதான் இருவரும் திரும்பி
வந்த வழியைப் பார்த்தோம்.
பின்வீட்டுக்குத் தனி பிரேக் வையுங்கள் என்று
பெர்க்மான்ஸ் எழுதிக் கொடுத்த சீட்டு
என் சட்டைப் பையில் இருந்தது,
மடிப்புக் கலையாமல்.
ஏற்றத்துக்கு மட்டும்தான்
காசு கொடுத்திருந்தோம்.

அவள் சீட்டுக்கு அடியிலிருந்து
அந்தக் கல்லை எடுத்து
மடியில் வைத்துக்கொண்டு
ம், எடு வண்டியை என்றாள்.