அச்சு அசல்

மழை விட்ட செப்டம்பர் ஞாயிறு.
லட்லோவுக்கு வெளியே குதிரைப் பந்தயத் திடலில்
சேற்றின்மேல் தார்ப்பாய், தார்ப்பாய்மேல்
பிரித்துப் போட்ட கார்கள்.

இந்தப் பக்கம் ஹென்ஷாவின் கடை.
எல்லாம் ஒரிஜினல், எல்லாம் துரு.
விரிசல் விட்ட ஒரு லூக்காஸ் விளக்குக்கு
அவர் சொல்லும் விலையில்
என் வீடு ஒரு குளிர்காலம் சூடாக இருக்கும்.
கதவுப் பிடியைத் தொட்டால் போதும்,
எந்த வருஷம், எந்த ஷிஃப்ட் என்று
ஜாதகம் வாசிப்பார்.

எதிரே ப்ரையனி டோல்மன்.
எல்லாம் புதுசு, உறை பிரிக்காத நகல்.
"துருவுக்கு யாராவது காசு கொடுப்பாங்களா?" என்பாள்,
ஹென்ஷா காதில் விழும்படி.
அவர் பதிலுக்குத் தும்முவார்.

நான் வந்தது ஒரு மட்கார்டுக்கு.
முன்பக்கம், இடது.
போன பிப்ரவரியில் துடைத்துக்கொண்டிருந்தபோது
துணியும் விரலும் சேர்ந்து
உள்ளே போய்விட்டன.

ஹென்ஷாவிடம் ஒன்று இருந்தது,
சல்லடையாக.
"ஆனா தொழிற்சாலையில பிறந்தது" என்றார்.
எனக்கும்தான் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறது,
அதை வைத்து முழங்காலை மடக்க முடிகிறதா?

ப்ரையனி கறுப்பு பிரைமர் அடித்த ஒன்றைத் தூக்கி நிறுத்தினாள்.
"அச்சு அசல்" என்றாள்.
கையுறையைக் கழற்றித் தடவினேன்.
விளக்குக் குழிக்கு நாலு விரற்கடை பின்னால்
கட்டைவிரல் நின்றுவிட்டது.

ஒரு பள்ளம்.
கண்ணுக்குத் தெரியாது.
மழைத்துளிக்குத் தெரியும்,
அங்கே ஒரு கணம் தயங்கித்தான் இறங்கும்.

எழுபத்தாறாம் வருஷம், நவம்பர், ஹியர்ஃபோர்டு சாலை.
கீத் ஆல்சப் வீட்டு வாசலில்
பின்னால் எடுக்க வேண்டியவள்
முன்னால் எடுத்தேன்.
கேட்டின் கல்தூண் நகரவில்லை.
கீத்தும் நகரவில்லை.
படியில் நின்றபடி
என் பெட்டியோடு அவருடைய இசைத்தட்டு எதுவும்
போய்விட்டதா என்று
மனசுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிங்கரிங் பையன் தட்டி எடுத்தான், முக்கால்வாசி.
"இதுக்கு மேல தட்டினா கிழியும்."
மிச்சத்தைப் பச்சைப் பெயிண்ட் மூடிக்கொண்டது.

கம்பெனியை இழுத்து மூடிய பிறகு
டெல்ஃபர்டிலிருந்து ஒருத்தர் வந்தார்.
அச்சு எடுக்க அடிபடாத மட்கார்டு ஒன்று வேண்டுமாம்.
ஒரு வாரக் கடன்,
இருபது பவுன், ஒரு பாட்டில் ஷெர்ரி.
கழற்றிக் கொடுத்தேன்.
பள்ளத்தைச் சொல்லவில்லை.
சொன்னால் தூணைச் சொல்ல வேண்டும்,
தூணைச் சொன்னால் கீத்தை.

"இதே அச்சில் எத்தனை போயிருக்கும்?"
"மூவாயிரம் இருக்கும்.
ஓரிகன், உட்ரெக்ட், ஆக்லாந்து வரைக்கும்.
அந்த இடத்துல மட்டும் எல்லாரும் கொஞ்சம் பட்டி பார்ப்பாங்க.
தொழிற்சாலையோட கைவாகு அப்படி."

மூவாயிரம் கராஜ்கள்.
வேலை முடிந்து வந்து, விளக்கைப் போட்டு,
முகம் தெரியாத யாரோ
உப்புத்தாளை நனைத்து நனைத்து
நான் கீத்தை விட்டு வந்த ராத்திரியைச்
சமன் செய்துகொண்டிருக்கிறார்கள்.
முடித்ததும் தள்ளி நின்று பார்ப்பார்கள்.
திருப்தியாக டீ குடிப்பார்கள்.

ஹென்ஷா கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.
"போட்டியில நகலுக்கு ரெண்டு மார்க் போயிடும், அர்சுலா."
போகட்டும்.

பேரம் பேசாமல் எண்ணிக் கொடுத்தேன்.
ப்ரையனிக்கு அதுதான் சந்தேகம்.
ஒவ்வொரு நோட்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்,
நகலா என்று.

வேனில் ஏற்றும்போது ஓடிவந்தாள்.
"பட்டி ஒரு டப்பா தரட்டுமா, அந்த இடத்துக்கு?
காசு வேண்டாம்."

வேண்டாம் என்றேன்.

வலது பக்கத்து மட்கார்டு
இன்றும் ஒரிஜினல்தான்.
அதற்கு ஒன்றுமே நடந்ததில்லை.