எத்தனை அடி

"ரெண்டு அடியில தோத்துருங்க" என்றார் முதலாளி
லாபியில் இளநீரை உறிஞ்சியபடி.
மூன்றென்றால் மெனக்கெட்டுத் தோற்றது தெரிந்துவிடுமாம்.
ஒன்றென்றால் ஹென்ரிக்குக்கு ராத்திரி தூக்கம் வராதாம்.
சென்னியப்பன் கோல்ஃப் பந்தைத் தொட்டதில்லை.
ஆனால் தோல்விக்கும் காஸ்டிங் போடத் தெரிந்தவர்.

வட்டக்கழுத்து பனியன், நாலு லட்சம் பீஸ்.
நாங்கள் கேட்பது இரண்டு டாலர் பத்து.
அவர்கள் நிற்பது ஒன்று தொண்ணூற்றொன்பதில்.
நடுவே கிடக்கும் பதினொரு சென்ட்டைப்
புல்லில் உருட்டி முடிக்கத்தான்
திருப்பூரில் நாலரைக்குக் காரேறி
ஆனைகட்டி வந்திருக்கிறோம்.

ஆடத் தெரிந்தவள் நான் ஒருத்தி.
மெர்ச்சண்டைசர் வேலைக்கு எழுதாத தகுதி இது.
இரண்டு வருஷம், சனிக்கிழமைதோறும்,
அவிநாசி ரோட்டில் வலைக்குள் அடித்துப் பழகினேன்,
கம்பெனி செலவில்.
இடுப்பு திரும்பணும், தலை திரும்பக் கூடாது.
ஷிப்மென்ட் தாமதத்துக்குப் பதில் சொல்லும்போது
நிற்கிற அதே நிலைதான்.

மூன்றாம் குழியில் மயிலொன்று வந்து
என் பந்தைக் கொத்திப் பார்த்தது.
முட்டையில்லை என்று நடந்தது.
"தெனமும் பாக்குதுங்க. தெனமும் ஏமாறுது"
என்றாள் கேடி ரங்கி. சிரிக்கவில்லை.

பேட்டரி வண்டியில் பின்னாலேயே வந்தார் முதலாளி.
சாயப்பட்டறை நடத்தியவர் கண்ணுக்குப்
பச்சை தெரியாது, தண்ணீர்தான் தெரியும்.
"நாளைக்கு முப்பது லோடு ஊத்துவானுங்க."
குரலில் கோபமில்லை,
பொறாமை.

ஏழாம் குழி. ஒரு அடி பின்னால் இருக்கிறேன்,
எல்லாம் கணக்குப்படி.
வேண்டுமென்றே கோணலாய் அடித்த பந்தைப்
பாலக்காட்டுக் காற்று நேராக்கிக் கொண்டுபோய்
மணல் பள்ளத்தில் போட்டது.
பள்ளத்துக்குள் இன்னொரு பள்ளம்.
வட்டமாய். அடியில் நேற்றைய தூறல்.
நடுவில் பந்து.
மயில் இப்போது பார்த்தால் நம்பியிருக்கும்.

"ராத்திரி வந்துருக்குதுங்க. ஒத்தை" என்றாள் ரங்கி.
ஹென்ரிக் போனில் சட்டப் புத்தகத்தைத் தேடினார்.
முயல் வளைக்கு விதி இருந்தது.
எறும்புப் புற்றுக்கு இருந்தது.
யானை அங்கே நுழைந்திருக்கவே இல்லை.

அதற்குள் முதலாளி இறங்கி வந்து
பேன்ட்டைச் சுருட்டிவிட்டு மணலில் குந்தினார்.
கல்யாணத்துக்குப் போனாலும் பையில் இருக்கும்
மஞ்சள் இன்ச் டேப்பை எடுத்தார்.
குறுக்கே வைத்தார். திருப்தியில்லை.
சுற்றி வைத்தார், மார்பளவு எடுப்பதுபோல,
மூச்சை இழுக்கச் சொல்லாத குறை.
ஹென்ரிக் மண்டியிட்டு மறுமுனையைப் பிடித்தார்.
ஐம்பத்திரண்டு அங்குலம்.

"ரெண்டால பெருக்குங்க.
முன்னங்கால் சுத்து ரெண்டு மடங்குதான் தோள் ஒசரம்."

நூற்றி நாலு.
எட்டு அடி எட்டு அங்குலம்
வந்து நின்றது எங்கள் நடுவே.
கொஞ்ச நேரம் யாரும் நிமிரவில்லை.

கிடந்த இடத்திலேயே அடித்தேன்.
தண்ணீரும் மணலும் முகத்தில்.
கண் மூடியிருந்தேன், பந்து போன வழி தெரியாது.
கொடிக்கம்பில் டொக்கென்று ஒரு சத்தம்.
பிறகு குழிக்குள் இன்னொன்று, அதைவிடச் சின்னது.
வேண்டுமென்றா என்று முதலாளி கண்ணால் கேட்டார்.
தெரியாது என்று தலையாட்டினேன்.
அதில் பாதி உண்மை.

மிச்ச இரண்டு குழியை யாரும் மனசு வைத்து ஆடவில்லை.
இருவரும் சமமாகவே முடித்தோம் என்று நினைக்கிறேன்.
சாப்பாட்டில் "இரண்டு டாலர் நாலு" என்றார் ஹென்ரிக்.
"ஆறு" என்றார் முதலாளி.
தயிர்சாதம் வந்தும் பேச்சு முடியவில்லை.
இன்ச் டேப் எப்படியோ ஹென்ரிக் கையில்,
விரலில் சுற்றுகிறார், பிரிக்கிறார்.

ரங்கி அட்டையோடு வந்து நின்றாள்.
ஏழாம் கட்டம் காலி.
"மேடம், எத்தனை அடின்னு போடட்டுங்க?"

"எட்டு" என்றேன்,
மலைப்பக்கம் பார்த்துக்கொண்டு.

எழுதிவிட்டாள்.